கறிவேப்பிலைக் கன்றுகளுக்கு நான் இருந்த காவல்

யார் எதைச் சும்மா கொடுத்தாலும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். கிள்ளானில் எங்கள் தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் கிடந்த காலி நிலத்தை, தோட்டம் போட்டுக்கொள்ளுங்கள் என்று நகராண்மைக் கழகம் கொடுத்தபோதும் வந்தது. அந்த நிலத்தை ஒட்டி ஒரு புதிய காண்டோ அடுக்குமாடி. அங்கே கார் நிறுத்த இடமில்லை என்பது ஊருக்கே தெரியும். வருடக் கடைசிக்குள் தோட்டம் தேறினால் நிலம் பள்ளிக்கு, தேறாவிட்டால் கார்களுக்கு. அதுதான் பேச்சு.

என் மகள் அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அந்த இடத்தை விட்டால் பள்ளியில் ஒரு சாண் மண் கிடையாது, எல்லாம் சிமெண்டு. அதனால் சந்தேகத்தோடேயே நானும் மண்வெட்டியைப் பிடித்தேன். பக்கத்தில் இருக்கும் எங்கள் பிளாட்டில் வீட்டுக்கு ஒரு வாளி கொடுத்து, அவர்கள் கீழே கொண்டுவந்து தந்த காய்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் சேர்த்து உரமாக்கினோம். ஆசிரியைகள் வரிசையாகக் கறிவேப்பிலைக் கன்றுகள் நட்டார்கள்.

கொஞ்ச நாளிலேயே கன்றுகள் காணாமல் போக ஆரம்பித்தன. யாரோ வேர் அறாமல் பக்குவமாகத் தோண்டி எடுத்திருந்தார்கள். காண்டோக்காரர்களைத் தவிர யார் செய்வார்கள்? வேலை விட்டு வந்ததும் ஜன்னலோரம் நாற்காலி போட்டு அவர்கள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய காவலாளி வேலியோரம் சிகரெட் பிடித்ததைக்கூடப் படம் எடுத்து வைத்தேன்.

"நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும் லா," என்றார் என் கணவர்.

ஆசிரியைகள் மறுபடி நட்டார்கள். அவையும் போயின.

கழக அதிகாரி பார்க்க வரும் நாள் நெருங்கியது. அன்றைக்கு எல்லாரும் வந்து நிற்க வேண்டும் என்று சொல்ல, பிளாட்டில் மாடி மாடியாக ஏறினேன். நாங்கள் கீழ்வீடு, மேலே போக எனக்கு வேலை இருந்ததில்லை. மூன்றாம் மாடியில் ஒரு வாசலில், பழைய பெயின்ட் டின்னில் கறிவேப்பிலைக் கன்று. அடுத்த வாசலில் பிஸ்கட் டின்னில் ஒன்று. நாலாம் மாடி நடைபாதை முழுக்கப் பச்சை. தவறாமல் வாளி நிரப்பித் தரும் ஆன்டி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஆன்டி, இது ஸ்கூல் கன்னுதானே?"

"ஆமாம்மா." கூச்சமே இல்லை.

"கேட்டிருந்தா கொடுத்திருப்பாங்களே."

"கேட்டு வாங்குனா எங்கேம்மா வரும்? கறிவேப்பிலைய சொல்லாம எடுத்து வெச்சாதான் தழைக்கும். நான் ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன். அங்கதான் அவ்ளோ இருக்கே லா."

எந்த வீட்டில் கேட்டாலும் ஒண்ணே ஒண்ணுதான். எனக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. திருப்பிக் கொண்டுவந்து நடச் சொன்னேன். வேர் பிடித்ததைப் பிடுங்குவது பாவம் என்றார்கள். நாலைந்து பேர் மட்டும் மனமிரங்கி டின்னோடு தூக்கிவந்து வைத்தார்கள். அதிகாரி டின்களைப் பார்த்தார், வெறும் மண்ணைப் பார்த்தார், காரில் ஏறினார். அவர் போனதும் டின்கள் மாடிக்குத் திரும்பின.

நிலத்தில் இப்போது தார் போட்டுவிட்டார்கள். என் மகளின் வகுப்பிலிருந்து பார்த்தால் கார்கள்தான் தெரிகின்றன. காண்டோக்காரர்கள் எங்கள் கன்று ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. காவலாளியின் படங்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன.

எங்கள் பிளாட்டில் இன்று யாரும் பாசாரில் கறிவேப்பிலை வாங்குவதில்லை. ஆன்டி சொன்னது சரிதான், எடுத்துப் போனதெல்லாம் நன்றாகத் தழைத்துவிட்டது.