நான்காம் முறை விழுந்தவன்

என் தங்கை புருஷன் அமலனைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சாமி குத்தம் என்கிறான் ஒருவன். கண்ட ஊசியும் போட்டுக்கொண்டான் என்கிறான் இன்னொருவன். எவனுக்கும் ஒரு மண்ணும் தெரியாது. கூடவே இருந்தவன் நான். அவனை அடித்தவனும் நான்தான். அதனால் நானே சொல்கிறேன்.

அமலன் கடலூர் ஓ.டி.யில், அதாவது முதுநகரில், பிறந்தவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சிதம்பரத்தில் ஏ.சி. ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். தினமும் பஸ்ஸில் போய் வருவான். நல்லவன்தான், பொய் சொல்லக் கூடாது. கல்யாணமான முதல் நாலு வருஷத்தில் என் தங்கை மேரி ஷாலினியை அதட்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. வேலை முடிந்து வரும்போது அவளுக்கென்று வறுத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், ஒரு பொட்டலம் கையில் இருக்கும்.

எங்கள் பங்குக் கோயில் சார்பில் பெரிய வெள்ளிக்கிழமை காலையில் தெருத்தெருவாகச் சிலுவைப் பாதையை நடித்துக்காட்டுவோம். ஆறு வருஷமாக அமலன்தான் இயேசு. நான் துறைமுகத்தில் மீன்பெட்டி ஏற்றுகிறவன். ஆள் தடியாக இருப்பதால் சாட்டை பிடிக்கும் படைவீரன் வேஷம் எனக்கு. சாட்டை என்றால் நூல் கயிறுதான், சிவப்புச் சாயத்தில் முக்கி எடுத்தது. அதைப் பாதியில் மடக்கிப் பிடித்துக்கொண்டு வீசவேண்டும். அப்படி வீசினால் சாயம் மட்டும் தெறிக்கும். முழு நீளத்துக்கும் விட்டால் ஈரக் கயிறு தோலை உரித்துவிடும்.

போன வருஷம்தான் சனியன் பிடித்தது. அவனைச் சிலுவையில் ஏற்றியபோது எவனோ செல்போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டான். தொப்பை வேட்டிக்கு மேலே பிதுங்கி நின்றது. ‘பிரியாணி இயேசு’ என்று பேர் வைத்துவிட்டார்கள், பாவிகள். சிதம்பரத்தில் ஏ.சி. பார்க்கப் போன வீடுகளில்கூட அவனை அடையாளம் கண்டு சிரித்தார்களாம்.

“அடுத்த வருஷம் பாரு மச்சான். சினிமா ஹீரோ மாதிரி உடம்போட ஏறி நிப்பேன். அப்ப எவன் சிரிக்கறான்னு பாக்கறேன்” என்றான்.

“மாப்ள, உன்னத் தூக்கி நிறுத்தறது நாங்கடா. எடை கொறஞ்சா எங்களுக்கும் நல்லதுதான்” என்றேன் நான். அப்போது எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது.

ஃபாதர்கூட அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். “ஏம்ப்பா, இயேசு என்ன ஜிம்முக்கா போனாரு?”

“கோயில்ல இருக்கற சுரூபத்த, அந்தச் சிலையப் பாருங்க ஃபாதர். வயித்துல ஒரு பொட்டு கொழுப்பு இருக்கா? தச்சு வேல செஞ்ச உடம்பு ஃபாதர் அது.”

ஃபாதர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

சிதம்பரம் மேல வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் ஜிம். அன்பரசு என்று ஒருவன் நடத்தினான். ஒருநாள் அமலனோடு போய்ப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகையாக நிறுத்தியிருந்தார்கள். அன்பரசு ரப்பர் டியூபோடு நடுவில் நடந்தான். எவன் இடுப்பு தாழ்கிறதோ அவன் தொடையில் சுளீரென்று விழுந்தது. அமலனுக்கும் விழுந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. அவன் என்னடா என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு, “தேங்க்ஸ் மாஸ்டர்” என்கிறான்!

தொப்பை கரைந்தது, வாஸ்தவம். அதோடு ஆளும் கரைந்துபோனான். வேகவைத்த கோழி, முட்டை வெள்ளை, வேறெதுவும் கிடையாது. பசி மண்டைக்கு ஏறிவிட்டது. பஸ்ஸில் காலை மிதித்துவிட்டான் என்று ஒருவனின் மூக்கை உடைத்தான். முதலாளி ஏதோ சொன்னார் என்று ஸ்பேனரைத் தூக்கி எறிந்தான், கண்ணாடிக் கதவு நொறுங்கியது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டு பறக்காத நாளில்லை. “தவக்காலம் முடிஞ்சா சரியாயிடுவாருண்ணா” என்று ஷாலினி சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் நம்பினேன்.

பெரிய வியாழக்கிழமை காலையில் அவள் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடியே போயிருந்தது.

“செவ்வாக்கிழமையிலேருந்து அவரு சொட்டுத் தண்ணி குடிக்கலண்ணா. உப்பும் கெடயாது. தண்ணி வத்துனாத்தான் தோலு ஒட்டி வயித்துல ஆறு கட்டும் தெரியுமாம். மூத்திரமா போறதுக்கு அந்த மாஸ்டரு மாத்திர வேற குடுத்திருக்கான். நான் தூக்கிச் சாக்கடையில போட்டேன். அதுக்குத்தான் என் தலையப் புடிச்சுக் கதவு நிலையில மோதிட்டாரு. நாளைக்கு அவர நடிக்க விடாதண்ணா. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

சத்தியமாகச் சொல்கிறேன், அவள் சொன்னதில் பாதிதான் என் காதில் ஏறியது. என் கண் அவள் கண்ணிலேயே இருந்தது. எங்கள் அப்பா அம்மா போன பிறகு நான் வளர்த்த பெண் அவள். நான் ஒருநாள் கை ஓங்கியதில்லை. ‘நாளைக்கு இருக்குடா உனக்கு’ என்று அப்போதே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். அவனை நிறுத்தச் சொல்லி ஃபாதரிடம் நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே தார் ரோடு கொதித்தது. அமலனைக் கல்தூணை நோக்கி முகம் திருப்பிக் கட்டினோம். அங்கியை இடுப்புவரை இறக்கினேன். முதுகில் சதை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் சாட்டையை மடக்கவில்லை. முழு நீளத்துக்கும் விட்டேன்.

அவன் உடம்பு தூக்கிப்போட்டது. “மச்சான், நெசமாவே படுது” என்றான் கிசுகிசுப்பாக.

“படட்டும்டா. என் தங்கச்சிக்கும் பட்டுச்சு.”

மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

“சரி, அடி. ரத்தம் ஏறுனா கட்டு இன்னும் நல்லாத் தெரியும்” என்றான்.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. முதுகு, தோள், தொடை என்று பார்க்காமல் விளாசினேன். சாயம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். “இந்த வருஷம் உருக்கமா இருக்குப்பா” என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

அங்கியை மறுபடி மாட்டிவிட்டதும் சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். சிலுவைப் பாதையில் இயேசு மூன்று முறை விழவேண்டும். மூன்று முறையும் சரியான இடத்தில் விழுந்தான், எழுந்தான். ஒவ்வொரு முறையும் நான் உதைத்தேன். பிறகு உடைகளைக் களையும் இடம் வந்தது. நான்தான் அங்கியை உருவினேன். வயிற்றில் ஆறு கட்டும் செதுக்கி வைத்த சுரூபம் போல நின்றன. நூறு செல்போன் மேலே எழும்பியது. அமலன் சிரித்தான். இயேசு சிரிக்கக் கூடாது. ஆனால் அவன் சிரித்தான்.

அடுத்த நொடியே விழுந்தான்.

நான்காவது விழுதல் எங்கள் நாடகத்தில் கிடையாது. மைக்கில் ஜெபம் சொன்னவர் பக்கத்தைப் புரட்டித் தேடினார். அமலனின் கெண்டைக்கால் கல்லாய் இறுகி இழுத்துக்கொண்டிருந்தது.

“தாகமா இருக்கு மச்சான்” என்றான்.

அது சிலுவையில் ஏறிய பிறகு சொல்லவேண்டிய வசனம். நடிக்கிறான், அடிக்குப் பயந்து பம்மாத்து பண்ணுகிறான் என்று நினைத்தேன். “எழுந்திருடா!” என்று விலாவில் ஓங்கி ஓர் உதை விட்டேன். ஐயோ, அந்த உதை! அவன் அசையவில்லை. இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைத் துணி மூத்திரத்தில் மெல்ல நனைந்தது, கடுங்காப்பி நிறத்தில். அப்போதுதான் என் கையிலிருந்த சாட்டை நழுவியது.

கடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தண்ணி இல்லாத உடம்பு இது. இந்த நிலையில இவ்வளவு அடி வாங்குனா சதை செதஞ்சு ரத்தத்துல கலந்து கிட்னிய அடச்சிடும். இப்ப ரெண்டுமே வேல செய்யல. யாரு அடிச்சது?”

சாயம் படிந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மறுநாள் அன்பரசுவைத் தேடிக்கொண்டு மேல வீதிக்கு ஓடினேன், கொன்றுவிடும் ஆத்திரத்தில். ஜிம்மைப் பூட்டிக்கொண்டு போயிருந்தான். பூட்டைக் கல்லால் அடித்து அடித்து என் கைதான் கிழிந்தது. அவன் மேல் பழியைப் போட்டாலும் அந்த முதுகில் இருந்தது என் கைவரிசை.

போலீஸ்காரர் வந்து கேட்டபோது அமலன் கண்ணைத் திறக்காமலே சொன்னான். “நாடகம் சார். மச்சான் மேல தப்பு ஒண்ணும் இல்ல.”

உயிர் தங்கிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மிஷினில் படுக்கிறான். கட்டும் இல்லை, தொப்பையும் இல்லை, எலும்புதான் இருக்கிறது. வேலை போய்விட்டது. முப்பத்தொரு வயது.

ஷாலினி என்னோடு பேசாமலே இருந்தாள். பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக் குழாயடியில் அவன் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுற்றி வீக்கம் வடிந்து மஞ்சளாகியிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “உனக்காகத்தாம்மா அடிச்சேன்” என்றேன். அழுதேன்.

அவள் போர்வையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“அவரு அடிச்சப்ப உன்கிட்ட ஓடியாந்தேன். நீ அடிச்சதுக்கு நான் யார்கிட்டண்ணா ஓடுவேன்?”