அறுநூற்று ஏழோடு நிறுத்தியவர்

பார்சலைத் தராசில் ஏற்றும்போதே எடை போடுபவருக்கு உதடு அசையத் தொடங்கிவிடும். சீட்டில் இருக்கும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, மூன்றால் வகுபடுமா என்று பார்ப்பார். எடையை எழுதி முடிப்பதற்குள் ஏழையும் பதினொன்றையும் ஒரு கை பார்த்திருப்பார். "ஏழுல மீதி அஞ்சு. தப்பிச்சுட்டான்!" என்று பார்சலைத் தட்டி அனுப்புவார். சரக்குக் கிடங்கில் அவருக்குப் பெயரே மீதி. மேலாளர்கூட "மீதியைக் கூப்பிடு" என்பார். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

எதற்கும் மசியாத எண் கிடைத்துவிட்டால் ஆளைக் கையில் பிடிக்க முடியாது. சட்டைப்பை நோட்டில் ஏற்றிக்கொண்டு ஓட்டுநர்களிடம் ஓடுவார். "பகா எண்ணுப்பா! ஒன்னையும் தன்னையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது." "அதனால வண்டி சீக்கிரம் கிளம்புமா?" என்று கேட்டுவிட்டு அவர்கள் நடையைக் கட்டுவார்கள்.

காது கொடுத்தவள் ஒருத்திதான், கிழிந்த மூட்டைகளைத் தைப்பவள். கணவன் விட்டுப்போன வாரம், வீங்கிய கண்ணோடு வந்து தன் பணியாளர் அட்டையை நீட்டினாள். "என் நம்பர் எப்படிண்ணே?"

378221. அதன் வர்க்கமூலம் அறுநூற்றுப் பதினான்கு சொச்சம். அதுவரை உள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். மூன்று நாள் மதியச் சாப்பாட்டை அரையும் குறையுமாக விழுங்கிவிட்டு வகுத்தார். 607 முடிந்தது. பாக்கி 613 ஒன்றுதான். அவள் எதிரிலேயே நின்றாள். இத்தனைக்கும் மசியாதது இதற்கா மசியப்போகிறது என்று நோட்டை மூடினார். "பகா எண்ணும்மா. யாராலயும் ஒன்னும் பண்ண முடியாது."

அவள் அந்த எண்ணைத் தன் பையில் சிவப்பு நூலால் தைத்துக்கொண்டாள்.

எட்டு மாதங்களுக்கு முன், வேலையில்லாத ஒரு பகலில், பொழுதுபோக்காக வர்க்கங்கள் போட்டுக்கொண்டிருந்தார். 615-இன் வர்க்கம் 378225. அதில் இரண்டின் வர்க்கம் நான்கைக் கழித்தால் அவளுடைய எண். அப்படியென்றால் அது 615-இல் இரண்டு குறைத்ததை இரண்டு கூட்டியதால், அதாவது 613-ஐ 617-ஆல், பெருக்கியது. விட்டுவைத்த அந்த ஒன்றேதான்! மீதிக்குக் காது மடல் சுட்டது.

அன்றிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூடச் சுற்றுவழியில்தான் போகிறார். அவள் சிரித்தால் குனிந்து தராசைத் துடைக்கிறார். உதடு மட்டும் பழக்கத்தில் அசைகிறது. நோட்டை யாருக்கும் காட்டுவதில்லை.

நேற்று அவளே வழிமறித்தாள். "நான் என்னண்ணே பண்ணேன்? அவர் போனதும் எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. நீங்களுமா?"

அவள் இப்படி நினைத்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"தப்பு என்னோடதும்மா. உன் நம்பர் வகுபடும். கடைசி ஒரு எண்ணால மட்டும் வகுத்துப் பார்க்காமலே சொல்லிட்டேன்."

"எப்பத் தெரியும்?"

"எட்டு மாசமா."

அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். மீதி உட்கார்ந்து, பழைய பக்கத்தைத் தேடிப் பிடித்து, 607-க்குக் கீழே 613 என்று எழுதினார். அவள் பார்க்கப் பார்க்க, வாய்விட்டுச் சொல்லியபடி வகுத்தார். அடியில் மீதியாகப் பூஜ்ஜியத்தைப் போட்டு, நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.