கரண்ட் போன பிறகும் எரிந்த வால்வு

நீங்கள் நம்பப்போவதில்லை, அது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. பரவாயில்லை, நானும் இதையெல்லாம் நம்பாதவள்தான். ஹெவ்லொக் டவுனில் கணிதம் படிப்பிக்கிறேன், பேய்க்கதை சொல்ல வந்தவர்களைச் சிரித்தே துரத்தியிருக்கிறேன்.

என் கணவர் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் சின்ன அறையில், பழைய ரேடியோக்களுக்குள் இருக்குமே கண்ணாடி வால்வு, அதை மருதானைக் கடைகளில் தேடித்தேடி வாங்கி, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மாதிரி ஒன்று செய்து வைத்திருந்தார். இரண்டு எண்களைக் கூட்டும், அவ்வளவுதான். அதற்கே ஒரு வால்வை மாற்றினால் இன்னொன்று போய்விடும்.

"நிப்பாட்டித் திருப்பிப் போடேக்கைதான் வால்வு சாகும். முதல் வந்த கம்ப்யூட்டருகளையும் உதுக்காகத்தான் நிப்பாட்டாமல் விட்டவை. நீர் சுவிட்சில கை வைச்சிடாதையும்" என்பார்.

போன வருஷம் மூளையில் இரத்தம் கசிந்து விழுந்துவிட்டார். ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடந்தார், டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே கதைத்தார். வீட்டில் அவர் செய்து வைத்த அந்த மெஷினை நிறுத்தாமல் வைத்திருப்பதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. பைத்தியக்காரத்தனம்தான்.

உடுப்பு மாற்ற வீட்டுக்கு வந்த ஒரு மத்தியானம் லேன் முழுக்கக் கரண்ட் போனது. ஓடிப்போய்ப் பார்த்தால் வால்வுகள் ஒவ்வொன்றாக மங்கி அணைகின்றன. அதே நேரம் போன். ஆஸ்பத்திரியில் நின்ற அவருடைய தங்கச்சி.

"அண்ணி, அண்ணாவைச் சுத்தி எல்லாரும் நிக்கினம், நெஞ்சை அமத்தினம், கெதியா வாங்கோ!"

மூலையில் ஒரேயொரு வால்வு மட்டும் இன்னும் சிவந்திருந்தது. அதை அப்படியே கைக்குள் பொத்திக்கொண்டு, "இஞ்சாருங்கோ, போயிடாதேங்கோ" என்று கத்தினேன். சத்தம் கேட்டுப் பக்கத்து ஃபிளாட் ஃபரீதா ராத்தா ஓடிவந்தார்.

"கரண்ட் இல்லியே, இது எப்பிடிப் பத்துது?"

அவரும் கண்டார், கேட்டுப் பாருங்கள். போனில் தங்கச்சி, "திரும்பத் துடிக்குது அண்ணி" என்று அழுதாள். பிறகு கரண்ட் வந்தது. மற்ற வால்வுகளெல்லாம் எரியத் தொடங்க, அந்த வால்வு மட்டும் அணைந்துபோனது.

சுடச்சுடக் கண்ணாடியைப் பிடித்திருந்த என் கையில் ஒரு சிவப்புக்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால், நேர்ஸ் அவருடைய வலது கையை விரித்துக் காட்டி, இது எப்போது சுட்டது என்று சிங்களத்தில் கேட்டார். உள்ளங்கையில் வட்டமாக ஒரு கொப்புளம்.

அவர் பிழைத்து வந்துவிட்டார். அன்று நடந்த எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. மெஷினையும் கழற்றிக் கொடுத்துவிட்டோம். ஆனால் இப்போதும் கரண்ட் போகிற நாட்களில், ஃபேன் நிற்பதற்குச் சற்று முன்னரே அவருடைய அந்தக் கை தானாக மூடிக்கொள்கிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவருக்குச் சொல்லவில்லை.