அந்தப் பக்கம் வழி இல்லை

தர்மராஜ் காபி கிளப்புக்குள் நுழைந்ததும் நேராகப் போய்ப் பின்கதவைத் தள்ளிப் பார்க்கிறார். அது கொல்லையில் முடிகிறதா, சந்துக்குப் போகிறதா என்று தெரிந்த பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். சினிமாக் கொட்டகையிலும் அப்படித்தான், கல்யாண வீட்டிலும் அப்படித்தான். பெரிய கடைவீதியில் அவரைத் தெரிந்த சர்வர்கள் சிரிப்பார்கள். "வெளிய வர்ற வழி தெரியாம உள்ள போறவன் மடையன்ங்க" என்பார், யாரும் கேட்காமலே.

கடற்படையில் இருந்தவர். கருவி மாட்டிக்கொண்டு நீருக்குள் இறங்கும் வேலையைக் கொச்சியில் முறையாகப் படித்தவர். ஐம்பத்தைந்தாம் வருஷம் அதை விட்டுவிட்டுத் திருச்சி வந்து சேர்ந்தார். அணை மதகுகளின் அடியில் மண் அரித்திருக்கிறதா என்று பார்ப்பது இப்போது உத்தியோகம். கரையில் சேக் மைதீன் பம்பு அடிப்பார். குழாய் வழியே இவருக்கு மூச்சு இறங்கும். கட்டை குட்டையான உடம்பு. நீரின் அழுத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. அதனால் அவர் ரகசியம் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். கோபமோ மூக்கு நுனியில் இருக்கிறது.

இருக்காதா பின்னே? ஊருக்கு மேற்கே கைவிட்ட கல் குவாரி ஒன்று கிடக்கிறது. பாறையைக் குடைந்துகொண்டே போனவர்கள் ஊற்று உடைத்துக்கொண்டதும் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். குடைந்த பொந்து முழுகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் திருச்சிக்காரனிடம் ஒரு பொந்தைக் காட்டிவிட்டால் போதும், அது ராஜா காலத்துச் சுரங்கமாகிவிடும். காவிரிக்கு அடியில் புகுந்து ஸ்ரீரங்கத்தில் எழுந்திருக்கும். ஸ்ரீரங்கத்துத் தெரு ஒன்றில் பாழுங்கிணறு ஒன்றையும் கண்டுபிடித்து, இதுதான் அந்தக் கோடி என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

குவாரிப் பொந்தின் கோடிவரை போய்க் கண்ணால் கண்டவர் உலகத்தில் தர்மராஜ் ஒருவர்தான். வாய் குறுகல். உள்ளே போகப் போக அகலம். உச்சிவேளையில் மேல்பாறையின் வெடிப்பு வழியாக வெயில் இறங்கிக் கடைசிச் சுவரில் விழும். தண்ணீர் முழுக்கப் பச்சையாக எரியும். "கோயிலு மாதிரி இருக்குங்க. பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்று அவரே சொல்வார், குரல் கூட இறங்கிவிடும். அடுத்த நிமிடமே ஏறும். "அந்த வெளிச்சந்தாங்க எமன். வாசக்கதவு தொறந்து கெடக்கிற மாதிரியே இருக்கும். கிட்டப் போனா கல்லு. வெரலு நுழையாத வெடிப்பு. அந்தப் பக்கம் வழி இல்லீங்க, இல்லவே இல்லை."

யார் நம்பினார்கள்? மனைவி சந்திரம்மாளே நம்பவில்லை. "நீங்க பாதியில திரும்பிட்டீங்களோ என்னமோ" என்று குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு அவர் சாப்பிடாமல் எழுந்தார். பொந்தின் வாயை இரும்புக் கம்பி போட்டு அடையுங்கள் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். அது எங்கள் எல்லை இல்லை என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் எல்லையைக் காட்டினார்கள். கடைசியில் தானே சுண்ணாம்பைக் குழைத்து எடுத்துப்போய் 'அந்தப் பக்கம் வழி இல்லை' என்று பாறையில் ஆளுயரத்துக்கு எழுதினார். எவனோ அதற்குக் கீழே அம்புக்குறி போட்டு 'ஸ்ரீரங்கம்' என்று எழுதிவைத்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

போன சித்திரையில் பிச்சமுத்து இறங்கினான். மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக் கடையில் துணி மடிக்கிற பையன், நல்ல நீச்சல்காரன். "ஸ்ரீரங்கத்துல போயி எந்திரிக்கிறேன் பாரு" என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டு உச்சிவேளையில் முழுகினான். வரவில்லை. தர்மராஜைத் தேடிப் பிடித்து, பம்பை வண்டியில் ஏற்றிக் கொண்டுவர வெயில் சாய்ந்துவிட்டது.

வாசலில் அவன் இல்லை. பாதி வழியிலும் இல்லை. கடைசிச் சுவரில் இருந்தான். பத்து விரலும் அந்த வெடிப்பைப் பிராண்டியிருந்தன. திரும்பியிருந்தால் பிழைத்திருப்பான். இந்த ஊர்ப் பேச்சுதான் அவனைத் திரும்ப விடவில்லை.

கரைக்குக் கொண்டுவந்து கிடத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றியதும் தர்மராஜ் கேட்ட முதல் கேள்வி, "இவன் அம்மா எங்க?"

டீக்கடை அம்மாசிதான் வாயைத் திறந்தான். "அது அழுதுக்கிட்டே இருந்துச்சுங்க. அங்கிட்டு வந்துருவான்னு சொல்லி நாங்கதான் ஸ்ரீரங்கம் பஸ்ஸில ஏத்தி விட்டோம்."

"ஏத்தி விட்டீங்களா? பெத்தவளை அங்க உக்காத்தி வச்சிட்டு இங்க நின்னு வேடிக்கை பாக்குறீங்களா? நீங்கள்லாம் சோத்தைத்தான் திங்கிறீங்களா?"

"மனசு தேறட்டும்னுதான் சொல்லியிருப்பாங்க, அண்ணே" என்று சேக் மைதீன் அவர் தோளைப் பிடித்தார்.

"தேறட்டும்னா!" அந்தக் கையைத் தட்டிவிட்டார். "நீங்க இவனைப் பாத்துக்கங்க. நான் போயி அந்த அம்மாவைக் கூட்டிட்டு வரேன்."

ஈர உடுப்போடுதான் பஸ் ஏறினார். கண்டக்டர் டிக்கெட் கேட்கத் தயங்கினான். வழியெல்லாம் ஊரைத் திட்டிக்கொண்டே போனார். பாலத்தில் காவிரி தெரிந்தபோதுதான் வாய் நின்றது.

ஸ்ரீரங்கத்துக் கிணற்றடியில் தெருவே கூடியிருந்தது. பிச்சமுத்து பிடித்து ஏறட்டும் என்று ஒரு வடக்கயிற்றை நல்ல மனசோடு உள்ளே இறக்கியிருந்தார்கள். "கவலைப்படாதேம்மா, பெருமாள் அவனைக் கொண்டுவந்து சேர்த்துடுவார்" என்று கிணற்றடி வீட்டுக்காரப் பெரியவர் தேற்றிக்கொண்டிருந்தார். அவன் அம்மா ராக்கம்மாள் கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து, "பிச்சமுத்து, கயிறு இருக்குடா, புடிச்சுக்கடா" என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள். ஈரம் சொட்டச் சொட்ட ஒருவர் வருவதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயா, நீங்க அந்த வழியாவா வந்தீங்க? எம்புள்ள பின்னால வர்றானா?"

தெருவே அவர் வாயைப் பார்த்தது. நாலு வருஷமாக ஊரெல்லாம் கத்திய அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. கிணற்றருகே போனார். கால்களை அகட்டி நின்று, தொங்கிய கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே இழுக்கத் தொடங்கினார். நுனி வெறுமையாக மேலே வரும்வரை ராக்கம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.