மான் கம்பளத்துக்குப் பின்னால்

ஸ்ட்ரெதம் நூலகத்தில் புகைப்படக் கண்காட்சி என்று மனைவி இழுத்துக்கொண்டு போனாள். சோவியத் உடைந்த பிறகு அங்கே சனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு பெண் வீடு வீடாகப் போய் எடுத்த படங்கள். அடுப்பையும் கட்டிலையும் சட்டம் போட்டு மாட்ட என்ன இருக்கிறது என்ற எரிச்சலோடுதான் நடந்தேன்.

ஒரு படத்தின் முன்னால் கால் நின்றுவிட்டது. சுவரில் மான் போட்ட கம்பளம். அதைப் பார்த்தபடி, உதட்டில் விரல் வைத்து ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள்.

முப்பது வருடங்களுக்கு முன், கள்ளமாக லண்டனுக்கு வரும் வழியில், மொஸ்கோவில் ஏஜென்சிக்காரன் எங்கள் ஏழெட்டுப் பேரையும் ஒளித்து வைத்த வீடு அது. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் எங்கள் அறை. கொஞ்சம் உரக்கக் கதைத்தால் போதும், அப்போது கிழவியாகாத இந்த வீட்டுக்காரி கதவைத் திறந்து இதே மாதிரி உதட்டில் விரல் வைப்பாள்.

படமெடுத்த பெண் பக்கத்தில் வந்தாள். போன மாரிக் குளிரில் எடுத்ததாம். கிழவி தனியாகத்தான் இருக்கிறாளாம். யாரைச் சத்தம் போடாதே என்கிறாய் என்று கேட்டதற்கு, சுவருக்குப் பின்னால் இருப்பவர்கள் இன்னும் கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றாளாம். படமெடுத்தவள் போய்ப் பார்த்திருக்கிறாள். வெறும் அறை.

அந்த அறையில் இருந்தது நாங்கள்தான், ஒருவரும் சாகவில்லை, ஒருவன் வெம்பிளியில் கடைகூட வைத்திருக்கிறான் என்று கோபமாகவே சொன்னேன். அவள் விளங்காமல் காதைக் கிட்டக் கொண்டுவந்தாள்.

மனைவி என் கையைப் பிடித்தாள்.

"ஏனப்பா, ஏன் குசுகுசுக்கிறியள்?"