பற்றவைக்கும் முன் ஒரு வார்த்தை

அந்தப் பட்டறையில் அவருடைய சொந்தப் பெயரை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. முதலாளிக்கு அவர் 'ஜாக்கிரதை'. டீ கொண்டு வருபவருக்கு 'ஜாக்கிரதை அண்ணன்'. எதிரே சக்கரம் பழுது பார்க்கும் குறும்புக்காரருக்கு 'அஜாக்கிரதை'. எப்படிக் கூப்பிட்டாலும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார். கட்டில், பெஞ்சு, கேட் என்று எந்த இரும்பைக் கொண்டுவந்து போட்டாலும் ஒட்டித் தரும் வெல்டர். தலை நரைத்துவிட்டது, ஆனால் உடம்பில் ஒரு தீத்தழும்பு கிடையாது. வெல்டர்கள் நாலு பேர் கூடினால் இது பெருமையாகப் பேசுகிற விஷயமில்லை. தழும்பில்லாதவன் தொழிலைத் தள்ளி நின்று பார்த்தவன் என்று ஒரு நினைப்பு அவர்களுக்கு. யாராவது சீண்டினால், தழும்புதான் வேண்டுமென்றால் பச்சை குத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

காலையில் அவர் வேலையைத் தொடங்குவதற்குள் பக்கத்துப் பட்டறையில் பாதி கேட்டை முடித்திருப்பார்கள். முதலில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறப்பார். புகையை இழுத்து வெளியே தள்ளும் விசிறியைப் போடுவார். மேஜைக்கு நேராக அடிக்கும் விசிறியை அணைப்பார். அது ஓடினால், ஒட்டும் இடத்தில் காற்றுப் படாமல் மூடும் சிலிண்டர் வாயு கலைந்து, ஒட்டிய இடம் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். சிலிண்டரைச் சுவரோடு கட்டிய சங்கிலியை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, ஷூவுக்கு மேலே விழும் பேண்ட். ஷூவுக்குள் பேண்டைச் செருகினால் தீப்பொறிக்குத் தனி வாசல் வைத்துக் கொடுத்த மாதிரி என்பார். துத்தநாகம் பூசிய பைப் வந்தால், ஒட்ட வேண்டிய இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் தொட மாட்டார். அந்தப் புகையைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கக் குளிர்காய்ச்சலில் கிடந்த ஆட்களை அவருக்குத் தெரியும்.

இத்தனைக்கும் மேலே ஒரு வார்த்தை. பழைய ராடு வெல்டிங்கில் குச்சியால் இரும்பை இரண்டு மூன்று முறை தட்டினால்தான் பற்றும். அந்தத் தட்டும் சத்தமே பக்கத்தில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை. மிக் என்ற புது வெல்டிங் மிஷின் வந்தபிறகு அந்த மரியாதை போய்விட்டது. கையிலிருக்கும் துப்பாக்கி போன்ற சாதனத்தின் விசையை அழுத்தினால் கம்பி தானாக வெளியே வரும், வந்து தொட்ட கணமே பளீரென்று எரியும், வெறும் கண்ணால் பார்த்தால் கண்ணைச் சுட்டுவிடும் வெளிச்சம். சொல்லாமல் கொள்ளாமல் வரும் விருந்தாளியாவது கதவைத் தட்டுவார். இது அதுகூடக் கிடையாது. ஆகவே மிஷின் வந்த நாளிலேயே ஜாக்கிரதை ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். முகமூடியை இறக்கும் முன் உரக்க ஒரே வார்த்தை: "கண்ணு!" உடனே எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். டீக்காரர் டம்ளரோடு திரும்பிக்கொள்வார். தெருவில் போகிறவர்கூடப் பழக்கத்தில் திரும்பிக்கொள்வார். பல வருடம் பிழையில்லாமல் ஓடிய வண்டி அது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவருக்குச் சறுக்கியது பெயின்டடிக்க ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தபோது.

முப்பதைத் தாண்டிய பெண். அனாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டாள், பிரஷ் பிடித்தால் கோடு நூல் பிடித்த மாதிரி போகும். சேர்ந்த அன்று, வேலை முடியும் நேரத்தில், ஜாக்கிரதை அவளை உட்காரவைத்துக் காது வலிக்கும் அளவுக்குப் புத்தி சொன்னார். தின்னர் டின் இந்தக் கோட்டைத் தாண்டி வரக்கூடாது என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் மருந்து அடித்த இரும்பைக் காயாமல் தன்னிடம் அனுப்பினால் விஷப்புகை வரும் என்றார். மணல் வாளி எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே, எல்லாம் சொன்னார். 'கண்ணு'வை மட்டும் சொல்லவில்லை. மூச்சு விடுவதை யாராவது சொல்லிக் கொடுப்பார்களா? அவருக்கு அது அப்படி ஆகிப்போயிருந்தது.

மறுநாள் காலை அவள் ஒரு பெஞ்சுக்கு என்ன நிறம் என்று கேட்க அவர் பக்கம் வந்தாள். அவர் குனிந்தபடியே, வழக்கம்போல உரக்க, "கண்ணு!" என்றார். முகமூடி இறங்கியது.

மற்றவர்கள் திரும்பிக்கொண்டார்கள். அவளும் திரும்பினாள், அவரைப் பார்த்து. முந்தாநாள்வரை முன்பின் தெரியாத ஆள், பட்டப்பகலில், நாலு பேர் நடுவில் கண்ணு என்று கொஞ்சுகிறான் என்றால் எந்தப் பெண்தான் சும்மா போவாள்? இடுப்பில் கைவைத்து நின்று முறைத்தாள். முறைப்புக்கு எதிரே முகம் இல்லை, கறுப்பு முகமூடிதான் இருந்தது. அது நிமிரட்டும், நன்றாக நாலு கேட்கலாம் என்று கண் கொட்டாமல் நின்றாள். வெளிச்சம் கூசியது; கோபம் விடவில்லை. அவரோ அன்றைக்கென்று ஒரு முழ நீளப் பட்டையை நிறுத்தாமல் ஒட்டினார். அவர் முகமூடியைத் தூக்கியபோது, நின்று நின்று அலுத்து அவள் தன் மூலைக்குப் போய்விட்டிருந்தாள். பெஞ்சின் நிறத்தை முதலாளியிடம் கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவள் கண்ணில் யாரோ மணலை அள்ளிக் கொட்டிய மாதிரி எரிய ஆரம்பித்தது. தண்ணீராகக் கொட்டியது, திறக்க முடியவில்லை. லாரி ஓட்டும் கணவன் அன்று வீட்டில் இருந்ததால் உடனே கண் டாக்டரிடம் அழைத்துப் போனான். வெல்டிங் வெளிச்சம் பட்டதால் வந்தது, கண்ணுக்கு நிரந்தரக் கேடு ஒன்றும் இல்லை, கசக்காமல் மருந்து விட்டு ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். மறுநாள் காலை கணவன் முதலாளிக்கு போன் செய்தான். கண் விஷயத்தைச் சொன்னான். பிறகு, என் பெண்டாட்டியைக் கண்ணு என்று கூப்பிட்ட அந்த ஆள் இருக்கும் இடத்துக்கு அவள் இனி வரமாட்டாள் என்றும் சொன்னான்.

முதலாளி வந்து சொன்னபோது ஜாக்கிரதை முதல் பாதியைக் கேட்டே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் நெருப்பால் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இரண்டாவது பாதி காதில் விழுந்தபோது கையுறையைக் கழற்றி வைத்தார். தெருவுக்கே தெரிந்த வார்த்தைதானே, விடு, வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. தெருவுக்குத் தெரியும், அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டார் இவர். காத்துக் காத்து வைத்திருந்த நல்ல பெயர் ஒரு பக்கம், வந்த மறுநாளே ஒருத்தியின் பிழைப்பில் மண் விழுந்தது ஒரு பக்கம். இரண்டாவதுதான் அதிகம் குத்தியது.

வீட்டில் மனைவி தையல் மிஷினில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டவள் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். ஊசியில் கோத்த நூல் உருவிக்கொண்டு வரும்வரை சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டையை மாற்றுங்கள், நானும் வருகிறேன் என்று எழுந்தாள்.

அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் லாரிக்காரன் நின்றான். கதவின் அகலம் அவன் தோளுக்குச் சரியாக இருந்தது. உள்ளே ஜன்னல்களில் போர்வை தொங்கியது, இருட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஜாக்கிரதை மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் பயத்தில் வாய் தெரிந்த பாதையில் போய்விட்டது. ராடு வெல்டிங் எப்படிப் பற்றும், மிக் எப்படிப் பற்றும், கம்பியின் கனம் என்ன என்று பாடம் ஆரம்பித்துவிட்டார். லாரிக்காரனின் முகம் கடுகடுவென்று ஆகிக்கொண்டே போனது. ஜாக்கிரதையின் மனைவி அவர் கையை அழுத்தி நிறுத்தினாள்.

"இவரைக் கட்டிக்கிட்டுப் பத்தொன்பது வருஷம் ஆச்சும்மா. ஒருநாள் கூட என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டதில்ல. அந்த வார்த்தை இவருக்கு இரும்பைப் பார்த்தாத்தான் வரும். நியாயமா உனக்கு முன்னாடி நான்தான் புகார் கொடுத்திருக்கணும்."

லாரிக்காரன் முதலில் இருமுவது போல் ஏதோ செய்தான், அப்புறம் தாங்க முடியாமல் சிரித்துவிட்டான். சுவரோரம் இருந்தவள் சிரிக்கவில்லை.

"இந்த மாதிரி வார்த்தைக்காகத்தான் ரெண்டு பட்டறையை விட்டேன். மூணாவதும் இப்படித்தானான்னு நெனச்சப்ப, கண்ணு வலிச்சதைவிட அதுதான் அதிகமா வலிச்சது," என்றாள்.

ஜாக்கிரதைக்குப் பாடமெல்லாம் மறந்துபோனது. "தப்பு என்னோடதுதான்மா. எல்லாத்தையும் சொன்னேன். அதை மட்டும் சொல்லாம விட்டுட்டேன்," என்றார்.

வேலைக்கு வருவாயா என்று இவர் மனைவி கேட்டதற்கு, பார்க்கலாம் என்றாள் அவள். கண்ணைத் திறக்க முடியாதவள் பார்க்கலாம் என்று சொன்னதில் நால்வருக்கும் ஒரு கணம் சங்கடமாக இருந்தது. பிறகு லாரிக்காரன் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தான்.

திரும்பி வந்து வெகுநேரம் ஜாக்கிரதை வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். பத்தொன்பது வருஷம் என்று மனைவி சொன்னது அவரைச் சும்மா விடவில்லை. கடைசியில் தையல் மிஷினுக்குப் பின்னால் போய் நின்று, தொண்டையைச் செருமி, "கண்ணு," என்றார். மனைவி சட்டென்று கண்ணை மூடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எத்தனை தடவை அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், அந்தப் பழக்கம். அவர் உன்னைத்தான் கூப்பிட்டேன் என்று புரியவைப்பதற்குள் இருவருக்கும் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது.

பட்டறையில் அடுத்த நாளே மாற்றங்கள் வந்தன. மேஜையைச் சுற்றித் தீப்பிடிக்காத அடர்சிவப்புத் திரை மாட்டினார்கள். யார் வந்தாலும் எடுத்துக்கொள்ள இன்னொரு முகமூடி ஆணியில் தொங்கியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எதிரே இருந்த குறும்புக்காரர் கேலி செய்தார். கண் கெடவில்லை, அதனால் இது சரியான நேரம்தான் என்றார் ஜாக்கிரதை. வார்த்தையையும் மாற்ற நினைத்தார்கள். 'திரும்பு' என்றால் எந்தப் பக்கம் என்று குழப்பம். 'மூடு' என்று முதலாளியைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. 'வெளிச்சம்' என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார்கள். டீக்காரர், 'எங்கே?' என்று திரும்பிப் பார்த்தார்.

இவர்கள் போய் வந்த மூன்றாவது நாள் அவள் வந்தாள். யாரிடமும் எதுவும் பேசாமல் தன் மூலையில் டின்னைத் திறந்து பெயின்டைக் கலக்க ஆரம்பித்தாள். நிற்கப்போகிறாளா, கணக்கு முடித்துக்கொண்டு போகப்போகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. ஜாக்கிரதை பாதி நாள் திரைக்குள்ளேயே ஒளிந்து வேலை செய்தார். மத்தியானம் ஒரு பெரிய கேட் வந்து சேர்ந்தது. திரைக்குள் அடங்காத நீளம், நடுக்கூடத்தில்தான் வைத்து ஒட்ட வேண்டும். அவள் பத்தடி தள்ளி, நேர் எதிரே இருந்தாள்.

அவர் கையுறையைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். கேட்டில் கவ்வவிட்ட எர்த் வயரைத் தேவையில்லாமல் இடம் மாற்றினார். அந்த வார்த்தையைச் சொல்லாமல் பற்றவைக்க அவரால் முடியாது. சொன்னால் அவள் என்ன நினைப்பாளோ. மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் பிரஷைக் கீழே வைத்தாள்.

"பழைய வார்த்தையையே சொல்லுங்கண்ணா. எனக்குத்தான் இப்ப தெரியுமே. இனிமே புதுசா வர்றவங்களுக்கு முதல் நாளே நான் சொல்லிடறேன்."

அண்ணா என்றுதான் சொன்னாள். அவருடைய கூடப்பிறந்தவர்கள் யாரும் அந்த வார்த்தையை இவ்வளவு நன்றாகச் சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லை. அவர் சொன்னார். சத்தம் கொஞ்சம் கம்மிதான், ஆனால் பட்டறை முழுக்கக் கேட்டது. அவள் அவருக்கு முதுகைக் காட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்றாள்.