தேன்மொழி கொடுத்த மணற்கல்

செய்தி வந்தபோது மகனுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். பெரணமல்லூரிலிருந்து தேன்மொழியின் அண்ணன். "தேனு பூடுச்சிங்க" என்றார். சோற்றுக் கையோடு ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். மஞ்சள் காமாலைதானே, எழுந்துவிடுவாள் என்றிருந்தேன்.

தாதுப் பரிசோதனைக்கூடத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவள் நாக்கு நினைவிருக்கும். மணற்கல்லை நக்கிப் பார்ப்பாள்; ஈரம் பட்டால் மணல்மணிகள் துலங்கும். ஒருநாள் பச்சை படிந்த கல்லை எடுத்து நானும் நாக்கை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"இன்னாடி பண்ற? பச்சை செம்பு, சரி. பக்கத்துல சாம்பலா மினுங்குது பாரு, அது ஈயம். மணல் சந்துல பூந்துகினு உக்காந்துகினு கீது. போய் கைய கழுவு!"

"நீ மட்டும் நக்கலாமா?" என்று உங்களில் யாரோ கேட்டார்.

"நான் பாத்துட்டு நக்குவேன். இவ நக்கிட்டுப் பாப்பா."

கல்யாணமாகி நான் ஆரணிக்கு வந்தபோது அதே கல்லைத்தான் பரிசாகக் கொடுத்தாள். "உங்க ஊரு பட்டுப்புடவை மாதிரி. பச்சை உடம்பு, வெள்ளி ஜரிகை" என்றாள்.

போன மாதம் மகன் அதை எடுத்து வாயில் வைத்துவிட்டான். பதறிப்போய் அவளுக்குத்தான் போன் போட்டேன்.

"எந்தப் பக்கம் வச்சான்? ஈரம் எங்க கீது, பாரு."

"கல்லைக் கழுவிட்டேனே!"

"புள்ள வாய?"

அவன் வாயைத் திரும்பிப் பார்த்தேன்.

"சாம்பிள கழுவுற புத்தி இன்னும் போவல உனக்கு. புள்ளய கழுவுடி மொதல்ல! ஜல்தியா டாக்டராண்ட போ, ரத்தம் பாக்கச் சொல்லு."

மூச்சு வாங்க வாங்கத்தான் பேசினாள். உனக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. மறு வாரம் அவளை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு பஸ் ஏறினால் வேலூர். பிள்ளையைச் சாக்கு வைத்துக்கொண்டு நான் போகவில்லை.

அவன் ரத்தம் சென்னைக்குப் போயிருக்கிறது. முடிவு வரவில்லை. வந்தாலும் அதைப் படித்துக் காட்ட யாரிடம் போவேன்?

கல்லை மூன்று பாலிதீன் பையில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறேன். வெளியே எறிய முடியவில்லை. வீட்டில் வைக்கவும் பயம். அவளுடையது என்று என் வாயில் தங்கியிருப்பது ஒரு சொல்தான். மகன் எதைத் தொட்டாலும் "கைய கழுவு" என்கிறேன், அவள் அதட்டலோடு. சொல்லும்போதெல்லாம் வேலூர் பஸ் ஞாபகம் வருகிறது. அவளைத்தான் நான் கைகழுவினேன்.